வாயால் துணி வாங்கிய ஊதல் மாஸ்டர்

கொல்லிமலையில் அடிக்கிற காற்றில் பாதி ஊதல் மாஸ்டரின் வாயிலிருந்து வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மூன்று வருடம் அவர் பக்கத்திலேயே குடியிருந்திருக்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன். துணியைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். விரலால் தேய்த்து, மூக்கைச் சுளித்து, பாதி விலைக்குக் கேட்கிறவர்களையும் தெரியும். என் மனைவி அந்தக் கட்சிதான். ஆனால் துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்து வாங்கிய ஒரே மனிதரை நான் வாழவந்தி நாட்டில்தான் சந்தித்தேன். கொல்லிமலையில் ஊருக்கு 'நாடு' என்றுதான் பெயர்.

அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கடை போர்டில் 'டெய்லர்ஸ்' என்ற சொல் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த பெயரை மழை கழுவிக்கொண்டு போய்விட்டது. ஊரார் 'டெய்லரு' என்று கூப்பிட்டார்கள். அந்த நல்ல மனிதருக்கு 'ஊதல்' என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொண்டதற்கு முழுக் காரணம் நான்தான்.

சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு, ஒரு விவசாயியின் மேட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, எட்டு டென்ட் அடித்து, சுற்றுலாக்காரர்களைத் தங்க வைக்கும் தொழிலில் இறங்கியிருந்தேன். டென்ட்டில் பிரச்சினை இல்லை. போர்வைதான் பிரச்சினை. நான் வாங்கி வைத்திருந்த கம்பளிகள் ஒவ்வொன்றும் ஒரு மூட்டை சிமென்ட் கனம். மழைக்காலத்தில் நனைந்த ஆட்டு வாடை வேறு. மலை உச்சிக்கு நடந்து போய் ராத்தங்கல் போடுகிறவர்கள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், நாங்க குளிர்லயே செத்துக்கறோம்" என்று கீழே வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் மலையேற வந்த ஒரு பெண் தன்னுடைய போர்வையை மறந்து விட்டுவிட்டுப் போனார். போனில் கேட்டபோது, "கிழிஞ்சு போச்சு, நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். வாத்தின் நெஞ்சுத் தூவி அடைத்த வெளிநாட்டுச் சரக்கு. சுருட்டினால் ஒரு சின்னப் பூசணிக்காய். விரித்தால் ஆளை முழுசாக மூடும். எடையே இல்லை. ஆனால் மலைக் குளிரில் அடுப்படியில் படுத்த மாதிரி இருந்தது. விலை என்ன என்று செல்போனில் தேடிப் பார்த்தேன். என் டென்ட்டுகளையும் டென்ட்டுக்குள் என்னையும் சேர்த்து விற்றால் இரண்டு வாங்கலாம் என்று தெரிந்தது.

ஓரத்தில் இருந்த கிழிசலைத் தைக்கலாம் என்று டெய்லரிடம் கொண்டுபோனேன். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி ஆள். கழுத்தில் டேப், காதில் ஒரு பென்சில். கிழிசலுக்குள் விரலை விட்டுக் கொஞ்சம் தூவியை உருவினார், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், ஐந்து தும்மல் போட்டார்.

"ஏனுங்க சார், இது கோழியா வாத்தா?"

"வாத்து, மாஸ்டர்."

"விலை என்ன ஆச்சுங்க?"

சொன்னேன். டேப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவமானப்பட்ட மனிதரின் முகம்.

"ரெண்டு துணி, நடுவுல ஒரு வாத்து. அவ்ளோதானுங்களே? இதுக்கா அத்தன காசு? நான் தெச்சுத் தாரேனுங்க. எத்தன வேணும்?"

அதிகம் யோசிக்காமல் 'பன்னிரண்டு' என்றேன். கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்துக் கோஷ்டி, பன்னிரண்டு பேர், மார்கழியில் மலை உச்சியில் தங்கக் கேட்டிருந்தார்கள். தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி லேசான போர்வை இருந்தால்தான் வருவோம் என்று கண்டிஷன். நிலத்துக்காரரோ, இந்த சீசனும் படுத்துவிட்டால் டென்ட்டைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடப்போவதாகச் சொல்லியிருந்தார். அதைச் சும்மா மிரட்டலாகச் சொல்லவில்லை. நடுவதற்கான குச்சிக் கரணையையே வெட்டி நிழலில் அடுக்கி வைத்திருந்தார்.

முதல் போர்வை இரண்டே நாளில் வந்தது. நாமக்கல் பக்கத்தில் கோழிக்கா பஞ்சம் என்று மாஸ்டர் கீழே இருந்து ஒரு மூட்டை கோழி இறகு வரவழைத்திருந்தார். உறை, சட்டைக்கு வாங்கும் சாதாரணப் பாப்ளின். அதைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். முள்ளம்பன்றியோடு குடும்பம் நடத்தியவன் மட்டுமே அந்த அனுபவத்தைப் புரிந்துகொள்ள முடியும். விடிந்து பார்த்தால் இறகு முழுக்க வெளியே வந்து என் தலையிலும் மீசையிலும் இருந்தது. போர்வை சப்பையாகக் கிடந்தது. டீக்கடை நாய் என்னைக் கோழி என்றே முடிவு செய்து இரண்டு நாள் பின்னாலேயே வந்தது.

மாஸ்டர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கோழி சரியில்லீங்க. அது ஒரு பக்கம். ஆனா துணி அதுக்கு மேல சரியில்லீங்க. துணியில இண்டு இருக்குது."

அடுத்தது குடைத்துணி. இண்டு இடுக்கு இல்லாதது, மழையே புகாது, விலையும் மலிவு. கன்னங்கரேலென்று ஒரு போர்வை தைத்துக் கொடுத்தார். ஓர் இறகு வெளியே வரவில்லை, உண்மைதான். ஆனால் என் உடம்பிலிருந்து கிளம்பிய வேர்வையும் வெளியே போகவில்லை. காலையில் இட்லிச் சட்டியிலிருந்து எடுத்த மாதிரி எழுந்தேன். போர்வையின் ஒரு மூலையில் உட்கார்ந்தால் மறுமூலை பூரி மாதிரி உப்பியது. புரண்டு படுத்தால் பக்கத்தில் யாரோ முறுக்கு தின்கிற சத்தம்.

இந்த இரண்டு தோல்விக்குப் பிறகுதான் மாஸ்டருக்கு ஞானம் பிறந்தது. வெளிநாட்டுப் போர்வையின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்தார். உதட்டில் இறுக்கி வைத்து ஊதினார். கன்னம் இரண்டும் புடைத்தது, கண் பிதுங்கியது. கடைசியில் துணிக்கு அந்தப் பக்கம் கொஞ்சூண்டு காற்று வந்தது. அதை என் கன்னத்தில் காட்டினார்.

"வருதுங்களா?"

"லேசா வருது."

"அதானுங்க ரகசியம்! ஊதுனா மூச்சு முட்டோணும். ஆனா ஆளு சாகக் கூடாது. ரொம்ப வுட்டா எறகு போயிரும். ஒண்ணுமே வுடலீன்னா வேர்த்துப் போயிரும். அந்த ரெண்டுக்கும் நடுவுல மலிவா ஒரு துணி இருக்குதுங்க சார். நமக்காக எங்கியோ காத்துக்கிட்டுக் கெடக்குது."

அன்று முதல் அந்த அசல் துண்டு அவர் சட்டைப்பையில் குடியேறியது. எங்கே எந்தத் துணியைப் பார்த்தாலும் முதலில் அசலை எடுத்து ஒரு ஊது. சுருதி சேர்க்கிற நாதஸ்வரக்காரர் மாதிரி மூச்சின் அளவைப் பிடித்துக்கொள்வார். பிறகு எதிரே இருக்கும் துணியை ஒரு ஊது. திரைச்சீலை, லுங்கி, பள்ளிக்கூடப் பை, கல்யாண மண்டபத்து நாற்காலி உறை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

நாற்காலி உறை சும்மா இருக்கும். மனிதர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்பது பஸ்ஸில்தான் அவருக்குத் தெரிந்தது.

இரண்டு பேரும் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் முன் சீட்டில் வாட்டசாட்டமாக ஒரு மிளகு வியாபாரி. நீல நிற விண்ட்சீட்டர். முப்பதாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் மாஸ்டர் அதையே வெறித்துப் பார்த்தபடி வந்தார். நான் அந்தப் பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு நிமிடத்தில், வியாபாரியின் முதுகில் உதட்டைப் பதித்து முழு மூச்சாக ஊதிவிட்டார்.

வியாபாரி இருந்த இடத்திலேயே ஒரு துள்ளு துள்ளினார்.

"எவன்டா அது முதுகுல ஊதறவன்?"

"நாந்தானுங்க," என்றார் மாஸ்டர் மரியாதையாக. "நல்ல துணிங்க. எங்க வாங்குனீங்க?"

"எனக்கென்ன பேயா புடிச்சிருக்குது, மந்திரிச்சு ஊதறதுக்கு?"

கண்டக்டர் வந்தார். "ஏனுங்க டெய்லரு, டிக்கெட் வாங்குனது உக்கார்றதுக்கு. ஊதறதுக்கு இல்லீங்க."

நான் எழுந்து நின்று, போர்வை, வாத்து, மூச்சு முட்டுதல் எல்லாவற்றையும் பஸ் முழுவதற்கும் விளக்க வேண்டியதாயிற்று. கேட்கக் கேட்க வியாபாரிக்குக் கோபம் போய் சுவாரசியம் வந்துவிட்டது. விண்ட்சீட்டரைக் கழற்றித் தானே ஒரு ஊது ஊதிப் பார்த்தார். "அட, ஆமா, முட்டுது!" என்றார். பக்கத்தில் இருந்தவர் வாங்கி ஊதினார். அப்புறம் அது சீட் சீட்டாகப் பின்னால் போயிற்று. அறுபது பேர் ஊதிய பிறகு பேளுக்குறிச்சியில் அது உரிமையாளரிடம் திரும்பி வந்தபோது, அவர் அதை இரண்டு விரலால் பிடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாஸ்டர் இறங்கும்போது கண்டக்டர் விசில் அடித்துச் சொன்னார்: "ஊதல் மாஸ்டர் எறங்கியாச்சு, ரைட்!" பட்டம் சூட்டியாகிவிட்டது. மறுநாள் அது எங்களுக்கு முன்னால் மலையேறி வந்து எங்கள் ஊரில் காத்திருந்தது.

சந்தையில் வெட்டுத்துணி விற்கிறவர்களிடம் அவர் பட்ட பாடு தனி. "எச்சி பண்ணிப் போட்டு வேண்டாம்னா, அத நான் எவன் தலையில கட்டறதுங்க?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். நியாயம்தான். அதனால் ஊதிக் கழித்த துணியில் எல்லாம் அரை மீட்டர் வாங்க வேண்டியதாயிற்று. வீடு முழுக்க அரை மீட்டர்கள். அவர் மனைவி பாவாயி அவற்றையெல்லாம் பைகளாகத் தைத்தார். ஊரில் தக்காளி வாங்கப் போகிறவர்கள் எல்லாம் எங்கள் தோல்விகளைக் கையில் மாட்டிக்கொண்டு போனார்கள்.

பாவாயி அதிகம் பேசாத பெண். புருஷன் துணி ஊதுவதைப் பற்றி அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: "ஊதட்டும். குடிக்காம இருந்தாச் செரி." அவ்வளவு பெரிய மனசையும் மாஸ்டர் ஒரு நாள் மதியம் மெழுகுவத்தியால் பொசுக்கிவிட்டார்.

காற்று வருகிறதா என்று என் கன்னத்தை நம்ப முடியவில்லையாம். துணிக்கு அந்தப் பக்கம் மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு ஊதினால், சுடர் ஆடுகிறதா இல்லையா என்று சந்தேகமில்லாமல் தெரியுமாம். இது வரைக்கும் விஞ்ஞானம். பட்டுத்துணி நெருக்கமான நெசவு ஆயிற்றே, சுடர் எப்படி ஆடும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, பெட்டியைத் திறந்து பாவாயியின் கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்தது விஞ்ஞானம் இல்லை. ஊதினார், சுடர் ஆடவில்லை. சந்தோஷத்தில் கொஞ்சம் கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார்.

குடத்தோடு உள்ளே வந்த பாவாயி பட்டின் முந்தானையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டையைப் பார்த்தார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் புருஷனின் கண்ணைப் பார்த்தார். கத்தவில்லை. குடத்தை இறக்கி வைத்தார். சேலையை மடித்தார். ஒரு பையில் நாலு துணியைப் போட்டுக்கொண்டு, திருப்புலி நாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அந்தப் பையும் எங்கள் அரை மீட்டர்களில் ஒன்றுதான்.

நாலு நாள் கழித்து நான் கடைக்குப் போனபோது மாஸ்டர் மிஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூல் இல்லை.

"ஏன் மாஸ்டர், வேலை ஓடலையா?"

"நூலு கோக்க முடியலீங்க. கிட்டக்கப் பார்வை போயி மூணு வருசமாச்சு."

"கண்ணாடி போட்டுக்கலாமே?"

"எதுக்குங்க?" என்றார், நான் ஏதோ புரியாததைக் கேட்டுவிட்ட மாதிரி. "பாவாயிதான் கோத்துக் குடுக்கும்."

அதற்குமேல் நான் சிரிக்கவில்லை. தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கோயம்புத்தூர் கோஷ்டி வர இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. என் மனக்கண்ணில் மரவள்ளி முளைத்து, இலை விட்டு, ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது. "வண்டியில ஏறுங்க மாஸ்டர்" என்றேன்.

திருப்புலி நாடு போகும் வழி முழுக்க அவர் என் முதுகுக்குப் பின்னால் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "நான் பண்ணுனது தப்புதான் பாவாயி… இல்ல, தப்புத்தானுங்க பாவாயின்னு சொல்லட்டுங்களா? மரியாதையா இருக்குமில்ல?" வண்டி குலுங்கும்போதெல்லாம் மன்னிப்பு பாதியில் அறுந்து முதலிலிருந்து தொடங்கியது.

வீட்டு வாசலில் பாவாயி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புடைத்தார். தம்பி ஓடி வந்து, "வாங்க மாமா, வாங்க சார்" என்று கயிற்றுக் கட்டிலைப் போட்டார். மாஸ்டர் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மனைவிக்கு எதிரே போய் நின்றார்.

"பாவாயி, நான் பண்ணுனது தப்புதான். உங்கப்பன் எடுத்துக் குடுத்த சீலையில…"

அதோடு நின்றுவிட்டது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். அவர் பார்வை பாவாயியின் தோளைத் தாண்டி, சுவர் ஓரமாக இருந்த, சாமை கொட்டி வைக்கும் மண் குதிர் மேல் நிலைகுத்தி நின்றது. குதிரின் வாயை ஒரு துணியால் இறுக்கிக் கட்டி மூடியிருந்தார்கள். பளபளக்கிற ரோஸ் நிறம். அதில் பச்சைப் பச்சையாகத் தவளைகள்.

"மாப்ள," என்றார் மாஸ்டர். "அது என்ன துணி?"

"அதுங்களா மாமா, கொழந்தைங்க மழைக்கோட்டுக்கு உள்ள வெச்சுத் தெக்கறதாம். ஏத்துமதியில கழிச்சுப் போட்டது. தவளைக்கு ஒரு கண்ணு அச்சாகாமப் போயிருச்சுன்னு கிலோக் கணக்குல கொட்டி வித்தாங்களாம். நல்ல நெருக்கமான துணிங்க மாமா, சாமைத் தூசி கூட வெளிய வராது…"

அதற்குள் மாஸ்டர் குதிரின் பக்கத்தில் போய், சட்டைப்பையிலிருந்து அசலை எடுத்து ஒரு ஊது, தவளையை ஒரு ஊது. மறுபடி அசல், மறுபடி தவளை. கன்னம் புடைத்தது. கண் பிதுங்கியது.

"சார்! மூச்சு முட்டுதுங்க! ஆனா சாகல!"

வாசலில் முறம் கீழே விழுந்தது. பாவாயி எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, என்னையக் கூப்புட வந்தீங்களா, துணிய ஊத வந்தீங்களா?"

மாஸ்டர் குதிரின் வாயைக் கட்டிப் பிடித்தபடியே திரும்பினார். அந்த இடத்தில் எந்தப் புருஷனும் ஒரு பொய் சொல்லித் தப்பித்திருப்பான்.

"உன்னையத்தான் கூப்புட வந்தேன் பாவாயி. சத்தியமா. வந்த எடத்துல இதும் இருக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

பாவாயி அவரைப் பார்த்தார், தவளையைப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நாலு நாள் கோபமும் அந்தச் சிரிப்பில் போய்விட்டது என்று நினைத்தேன். முழுக்கப் போகவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்: "இது எந்தக் கடையில வாங்குனதுன்னு தெரியோணுமா?"

"மாப்ள சொல்லட்டும்."

"எனக்குத் தெரியாதுங்க மாமா," என்றார் தம்பி. "அக்காதான் முந்தாநேத்து சந்தைக்குப் போயிப் பேசி வாங்குச்சு."

மாஸ்டர் வாழ்க்கையில் அதுவரை யாருக்கும் அப்படிப் பணிந்து நான் பார்த்ததில்லை. ஊர்ப் பெண்களின் ஜாக்கெட் முதலில், போர்வை அதற்குப் பிறகு என்றார் பாவாயி. சரி என்றார். வீட்டுக்குள் மெழுகுவத்தி வரக்கூடாது. சரி. கரண்டு போனாலும் கூடாது. அதற்கும் சரி. சந்தைக்குப் பாவாயிதான் போவார், பாவாயிதான் பேசுவார், மாஸ்டர் வாயைத் திறக்கக் கூடாது. "பேசறதுக்கா ஊதறதுக்கா?" என்று கேட்டார் மாஸ்டர். "ரெண்டுக்கும்" என்றார் பாவாயி.

குதிர்த் துணியையும் விட மனசில்லாமல் அவிழ்த்து எடுத்துக்கொண்டோம். திரும்பும்போது என் பின்னால் மாஸ்டர், அவருக்குப் பின்னால் தவளைச் சுருட்டு, அதற்குப் பின்னால் பாவாயி. சமாதானம் ஆகியும் இரண்டு பேருக்கும் நடுவில் துணிதான் உட்கார்ந்திருந்தது.

பேளுக்குறிச்சியில் பாவாயி மாஸ்டரை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டுத் தனியாகப் போய், ஒற்றைக் கண் தவளைகள் மொத்தத்தையும் பழைய பேப்பர் விலைக்குச் சற்று மேலே பேசி வாங்கி வந்தார். அடிவாரத்து ஏரிக்கரையில் வாத்துக் கறி விற்கிற கடைகளில் தூவி மூட்டை மூட்டையாகச் சும்மா கிடைத்தது. கொண்டுபோனால் போதும் என்று கடைக்காரர்களே தூக்கி விட்டார்கள். அதில் நெஞ்சுத் தூவியை மட்டும் பொறுக்கி, ஷாம்பு போட்டு அலசி, வெயிலில் காய வைத்து எடுத்ததில் பாவாயியின் கை ஒரு வாரம் மணந்தது. வாத்து பாதி, ஷாம்பு பாதி.

தூவியை அடைப்பதுதான் பெரிய கூத்து. மூச்சு விட்டாலே பறக்கிறது. ஊதிப் பழகிய வாய் வேறு. கடைசியில் கடைக்குள் கொசுவலையைக் கட்டி, அதற்குள் மாஸ்டரும் பாவாயியும் தூவிக் குவியலோடு உட்கார்ந்துகொண்டார்கள். தைத்து வைத்த கட்டம் ஒவ்வொன்றிலும் பாவாயி பிடிப் பிடியாகத் தூவியைத் திணிப்பார், மாஸ்டர் ஓரத்தை மூடுவார். ஊசி மெல்லிசாக இருக்க வேண்டும், தடித்த ஊசி போட்ட ஓட்டையில் தூவி எட்டிப் பார்க்கும் என்று கண்டுபிடித்ததும் அங்கேதான். ஜாக்கெட் வாங்க வந்த ஒரு அம்மாள், வலைக்குள் புருவம் மீசை எல்லாம் வெள்ளையாக இரண்டு பேர் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "சாமி!" என்று கும்பிட்டுவிட்டார். வலைக்குக் கீழே இருந்து ஒரு கை நீண்டு ஜாக்கெட்டைக் கொடுத்தது.

கோஷ்டி வந்தது. தலைமை தாங்கி வந்த மேடம் போர்வையைக் கையில் வாங்கினார். கனம் பார்த்தார், புருவம் உயர்ந்தது. விரித்தார், புருவம் இன்னும் உயர்ந்தது. மீசை முறுக்கிய ஓர் ஆள், "இது குழந்தைங்க போர்வைங்களா?" என்று கேட்டார். பன்னிரண்டு பெரிய மனிதர்களும் முதுகில் ரோஸ் மூட்டையோடு மலையேறினார்கள். நானும் கூடப் போனேன். மாஸ்டர் கீழேயே நின்று, கண்ணுக்கு மறையும் வரை போர்வைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறவர்களை அவர் பார்க்கவில்லை.

அன்றைக்குக் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. சாயங்காலமே பாட்டிலில் எண்ணெய் உறைந்துவிட்டது. கிண்டல் செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்திவிட்டுத் தவளைக்கு அடியில் போனார்கள். நான் படுத்தேனே தவிர கண்ணை மூடவில்லை. யாராவது ஒருவர் எழுந்து 'குளிருது' என்று சொன்னால் கதை முடிந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. விடிகிற நேரத்தில் ஒரு பெண்ணின் அலறல்தான் கேட்டது.

"ஐயோ! யாரோ காலைக் கடிக்கிறாங்க!"

வெளியே பாய்ந்தேன். மேடத்தின் டென்ட் வாசலில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த போர்வையின் கால்மாட்டில் மாஸ்டர் மண்டியிட்டு வாயைப் பதித்திருந்தார். பின்னால் பாவாயி ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் புருஷனின் சட்டைக் காலருமாக நின்றுகொண்டிருந்தார். ஊர் தூங்கும்போதே கிளம்பி இரண்டு பேரும் மலையேறி வந்திருக்கிறார்கள்.

"பயப்படாதீங்க கண்ணு," என்றார் மாஸ்டர். "நான்தான் இத தெச்சவன். எறகு வெளிய வருதான்னு பாக்கறேனுங்க."

மேடம் எழுந்து உட்கார்ந்தார். சுற்றிப் பனி வெள்ளையாக இறங்கியிருந்தது. எல்லா டென்ட்டிலிருந்தும் தலைகள் நீண்டன. மாஸ்டர் உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டினார். அதில் மூன்று தூவி.

"மூணு வந்துருச்சுங்க சார்," என்றார். கண் கலங்கியிருந்தது. "பன்னண்டு போர்வையில மூணு."

"என் போர்வையில இருந்து ஒண்ணுமே வரலீங்களே," என்றார் மேடம், ஆறுதல் சொல்லும் குரலில். "ராத்திரி சாக்ஸைக் கூடக் கழட்டிட்டுத்தான் தூங்கினேன், அவ்வளவு சூடு. எனக்கு வீட்டுக்கு நாலு தெச்சுக் குடுப்பீங்களா?" பிறகு என்ன தோன்றியதோ, தலைமாட்டில் கிடந்த தன்னுடைய விலை உயர்ந்த கோட்டை எடுத்து நீட்டினார். "இதையும் ஒரு ஊது ஊதிப் பாருங்களேன்."

மாஸ்டர் ஊதினார். உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு எங்க தவளையே தேவலீங்க."

பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பாவாயியும் காலரை விட்டுவிட்டார்.

அந்த சீசன் பிழைத்தது. அடுத்த சீசனும். நிலத்துக்காரர் மரவள்ளியை வேறு காட்டில் நட்டார். அதற்கடுத்த வருடம் அவருடைய மகன் அங்கே பங்களா கட்டப் போவதாகச் சொன்னதும் நான் டென்ட்டோடு ஒரு தவளைப் போர்வையையும் சுருட்டிக்கொண்டு சென்னைக்கே திரும்பிவிட்டேன். மாஸ்டருக்கு இப்போது எங்கெங்கிருந்தோ போர்வைக்கு ஆள் வருகிறது என்று கேள்வி. தவளை தீர்ந்துபோய் இப்போது ஏதோ யானைக்கு மாறியிருக்கிறார்களாம். யானைக்குத் தும்பிக்கை அச்சாகவில்லையாம்.

வருடா வருடம் மார்கழி பிறந்ததும் ஒரு சாயங்காலம் அவரிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பில், "ஏனுங்க சார், அங்க குளுருதுங்களா?" என்பார். இங்கே ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருக்கும், பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும்.

"ஆமாங்க மாஸ்டர், நல்லாக் குளிருது. உங்க போர்வையைத்தான் போர்த்திக்கிட்டிருக்கேன்" என்பேன். சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே எழுந்து போய், அலமாரியிலிருந்து அதை எடுத்து நிஜமாகவே போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.